கிராமத்துக்குத் திரும்புதல்: ஆசையும் கணக்கும்
(சங்க அங்கத்தினர் கூடிப் படித்து ஆலோசிப்பதற்குரிய பாடம்)

மயிலாடி முதலிய நாஞ்சில் நாட்டுக் கிராமங்களிலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு வெளியூர் சென்றவர்களில் சிலர், பட்டணத்து ஜீவனம் போதும், ஊருக்குத் திரும்பி வீட்டைச் சுற்றி நாலு தென்னையும் ஒரு பசுவும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று சொல்லக் கேட்கிறோம். இவ்வாசை இகழத்தக்கதன்று. தன் நிலத்தில் விளைந்ததை உண்பதும், அண்டை அயலாரோடு கூடி வாழ்வதும் மனிதனுக்கு இயற்கையான விருப்பங்களே. ஆயினும் நினைவு நல்லவற்றை மட்டும் பொறுக்கிச் சேமிக்கும் குணமுடையது. கன்னிப்பூ அறுவடையின் களிப்பு நினைவில் நிற்கிறது. வட்டிக் கடனும், வாந்திபேதியும், பனையேறி நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து மரமேறிய கஷ்டமும் மறந்து போகின்றன. ஆகையால் இவ்விஷயத்தைக் கணக்காகவும் ஆராய்தல் அவசியமாகும்.

1. மார்த்தாண்டத்தின் அநுபவம்

இதற்குரிய சிறந்த உதாரணம் நமது ஜில்லாவிலேயே இருக்கிறது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார், அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் கிராமப் புனருத்தாரண நிலையம் ஒன்றை நடத்தினர். அச்சங்கத்தின் கிராம வேலைக்கு வழிகாட்டியவர் கே. டி. பால் அவர்கள், மார்த்தாண்டத்தில் அதை நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர். ஏழைக் குடியானவன் தன் கையாலும் தன் சொற்ப முதலாலும் செய்யக்கூடியதையே அவனுக்குக் கற்பிக்க வேண்டும், விஷயம் தெரிந்தவர் பக்கத்திலிருந்து ஆலோசனை கூற வேண்டும் என்பதே அவர்களுடைய கொள்கை. கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு முதலிய துணைத் தொழில்களை அங்கே பழக்கினார்கள்.

தேனீயை மாத்திரம் எடுத்துப் பார்ப்போம். முற்காலத்தில் மரப்பொந்தில் புகையிட்டு, அடையைப் பிழிந்து தேன் எடுத்தார்கள். புழுக்களும் முட்டைகளும் நசுங்கின, கூட்டமும் கலைந்தது. சட்டங்கள் வைத்த மரப்பெட்டியில் வளர்த்தால், தேன் நிறைந்த சட்டத்தை மட்டும் எடுத்து, சுழற்றும் யந்திரத்தில் வைத்துத் தேனைப் பிரித்து, அடையைச் சேதமின்றித் திரும்ப வைக்கலாம். மறுபடி மெழுகு சுரந்து அடை கட்டும் உழைப்பு தேனீக்களுக்கு மிச்சமாவதால் தேன் பெருகும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பெட்டி ஒன்றை ஏழையும் வாங்கலாம். ஆனால் இரண்டு பெட்டி வைத்திருப்பவன் சுழற்றும் யந்திரத்தைத் தனக்கென்று வாங்குதல் கட்டாது. தேனைச் சுத்தம் செய்து, தரம் பிரித்து, தூரத்துச் சந்தையில் விற்பதும் அவனால் ஆகாது. அதனால்தான் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. உற்பத்தி வீட்டினுடையது; யந்திரமும் விற்பனையும் சங்கத்தினுடையவை.

இத்தொழிலிலும் ஆபத்து உண்டு. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய ஒருவகை வைரஸ் நோயால் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. அதையே முழு ஜீவனமாக நம்பியவர்கள் கலங்கினர். பல வருவாய்களில் ஒன்றாக வைத்திருந்தவர்களுக்கு அந்நஷ்டம் தாங்கக்கூடியதாயிருந்தது. துணைத் தொழில் துணையாகவே இருத்தல் நலம்.

2. கணக்கு எழுதிய காந்தியர்

கிராம வாழ்வின் மேன்மையை வாதாடியவர்களுள் முதன்மையானவர் தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள். அவர் லண்டனில் கணக்குப் பரிசோதனையும், நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரமும் பயின்றவர். மகாத்மா காந்தியைச் சந்தித்தபின் அவர் முதலில் செய்தது பிரசங்கமன்று. குஜராத்தில் மாத்தர் தாலுகாவின் கிராமங்களுக்குச் சென்று, குடும்பங்களின் வரவு, செலவு, கடன் ஆகியவற்றை விசாரித்துப் பதிவு செய்தார். 1934-ல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைப் பின்னர் நடத்தி, கடைசிக் காலத்தில் மதுரை ஜில்லா டி. கல்லுப்பட்டியில் எளிய வாழ்வு வாழ்ந்து 1960-ல் காலமானார். கிராமத்தை நேசித்தவர் கிராமத்தின் கணக்கைப் பார்க்க அஞ்சவில்லை என்பதே நாம் அறிய வேண்டியது.

அமெரிக்காவில் ரால்ப் போர்சோடி என்பவரும் 1920-ல் நியூயார்க் நகரை விட்டு நாட்டுப்புறம் சென்று குடியேறி, வீட்டில் செய்த பண்டத்துக்கும் கடையில் வாங்கிய பண்டத்துக்கும் ஆகும் செலவை ஒப்பிட்டு எழுதினார்.

3. இருபது சென்ட் நிலத்தின் கணக்கு

நாமும் ஒரு கணக்குப் போடுவோம். தென்னையை 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 70 மரம் நிற்கும். 20 சென்டுக்கு 14 மரம். நன்றாகப் பராமரித்த மரம் ஆண்டுக்கு 80 காய் தருமென்று வைத்தால் மொத்தம் 1,120 காய். வீட்டுச் சமையலுக்கு நாளொன்றுக்கு ஒரு காய் வீதம் 365 போக, மிகுதி 755. இதிலிருந்து வெட்டுக்கூலியும் எருச் செலவும் கழிய வேண்டும். ஆகவே இந்நிலம் ஒரு குடும்பத்தை முழுவதும் போஷிக்காது. ஆனால் குடும்பச் செலவைக் குறைக்கும். தென்னையின் நிழலில் வாழையும் சேனையும், வேலியில் முருங்கையும், ஓரத்தில் இரண்டு தேன்பெட்டியும் சேர்ந்தால் இன்னும் குறைக்கும். மயிலாடியின் கல்தச்சர் தம் உளியை விடாமலே இத்தோட்டத்தைப் பேணலாம். வேறு தொழிலுடையாரும் அவ்வாறே. தொழிலை விட்டுத் தோட்டத்தை மட்டும் நம்புவோரே கடனில் விழுவர்.

4. சங்கத்தின் கடமை

ஊர் திரும்புவோர் பணத்தோடு வருகிறார்கள். நிலத்தின் பழக்கத்தோடு வருவதில்லை. ஊரிலேயே இருந்து உழைத்தவர்களுக்குப் பழக்கம் உண்டு, முதல் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்து வைக்கத் தக்க ஸ்தாபனம் கூட்டுறவுச் சங்கமே. திரும்பி வருவோர் நிலத்தின் விலையை உயர்த்திவிட்டு வேலிக்குள் ஒதுங்கி வாழ்ந்தால், அது அவருடைய ஓய்வேயன்றிக் கிராமத்தின் புனருத்தாரணம் ஆகாது. அவர் பங்கு எடுத்து, கூட்டத்துக்கு வந்து, கணக்கெழுதத் தெரிந்தால் கணக்கெழுதி உதவினால், அவருடைய ஆசை ஊருக்கும் பயன்படும்.

ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

(1) நம் வீட்டில் சென்ற மாதம் விலைக்கு வாங்கிய பண்டங்களில் எவற்றை வீட்டுத் தோட்டத்திலேயே விளைவித்திருக்கலாம்?

(2) தனித்தனியே வாங்க இயலாததும், பொதுவில் வாங்கினால் பலருக்கும் பயன்படுவதுமான கருவி எது?

(3) இவ்வாண்டு ஊர் திரும்பியவர்களில் எத்தனை பேரை நமது சங்கக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம்?