சாவி ஒரே கையில் இருந்தால்…



"நம்ம அக்கா இருக்காங்க, எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க." குழுக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கேட்க நல்லாத்தான் இருக்கும். வம்பு ஆரம்பிப்பதும் இங்கேதான்.

இப்படி ஒரு குழுவை நினைத்துப் பாருங்கள். ஊக்குநர் நேர்மையானவர். ஆறு வருஷமாக அவரே பணம் எண்ணுகிறார், அவரே பேங்க்குக்குப் போகிறார். புத்தகங்களும் அவர் வீட்டுப் பெட்டியில்தான். ஒருநாள் ஓர் உறுப்பினர், "என் சேமிப்பு எவ்வளவு இருக்குக்கா?" என்று கேட்கிறார். "என்மேலயே சந்தேகமா?" என்று ஊக்குநருக்குக் கோபம் வருகிறது. கேட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் குழு உடைந்துவிட்டது.

தப்பு யார்மேல்? ரொம்ப நாள் கையில் இருந்த பொறுப்பு, நல்லவருக்கும் சொந்தச் சொத்து மாதிரி ஆகிவிடும். மற்றவர்களுக்கோ வேலை விட்டதே என்ற நிம்மதி. இரண்டும் மனித குணம்தான்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தக் குணத்துக்கு விதி போட்டிருக்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையை அவை சொல்கின்றன. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். பதவி 360 நாள்தான். முந்தைய 3 வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமே கிடையாது.

அந்தச் சபையில் பெண்களுக்கு இடமில்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை அது. நம் குழுவில் நிலம் இல்லாதவரும் எழுதத் தெரியாதவரும் சமம். அதனால் அந்த நல்ல விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு, செலவு, கையிருப்பை எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். கேட்காமலே கணக்குச் சொன்னால் யாருக்கும் மனவருத்தம் வராது.

2. பேங்க்குக்குப் போகும்போது தடவைக்கு ஓர் உறுப்பினரைக் கூட்டிப் போங்கள்.

3. ஊக்குநர், பிரதிநிதிகளை மாற்றும் நாளை முன்கூட்டியே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். சண்டை வந்தபின் மாற்றினால் அது தண்டனை போலத் தெரியும்.

4. பழைய ஊக்குநர் 3 மாதம் கூட இருந்து புதியவருக்குச் சொல்லித் தரட்டும்.

"எனக்கு எழுத வராதே" என்று ஒதுங்காதீர்கள். பணம் எண்ணலாம், பேங்க்குக்குப் போகலாம், கேள்வி கேட்கலாம்.

கூட்டத்தில் பேசுங்கள்:

* நம் குழுவின் இன்றைய கையிருப்பு எவ்வளவு? எத்தனை பேருக்குத் தெரியும்?
* நாளைக்கே ஊக்குநருக்கு உடம்பு சரியில்லை என்றால், குழுவை யார் நடத்துவார்?