பாய் பின்னிய கை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படித்தபின் வீட்டுத்தொழில் எதற்கு என்று எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர் வியட்நாமியக் கலைஞர் டின் கியூ. லே.

1968-ல் கம்போடிய எல்லையருகே ஹா தியென் ஊரில் பிறந்தார். கெமர் ரூஜ் படையின் தாக்குதலால் குடும்பத்தோடு வெளியேறி, அமெரிக்கா சேர்ந்து புகைப்படக்கலை பயின்றார். தம் நாட்டுப் போரை அங்கே பெரும்பாலும் அமெரிக்கர் கண்வழியே காட்டினர். அதற்கு விடைதர, சிறுவயதில் உறவுக்காரப் பெண்மணியிடம் கற்ற பாய் பின்னலே உதவிற்று. செய்திப்படங்களையும் ஹாலிவுட் காட்சிகளையும் கீற்றுகளாக நறுக்கி, ஊடும்பாவுமாகப் பின்னினார். நினைவு எது, புனைவு எது எனப் பார்ப்பவரே பிரித்தறிய வேண்டியதாயிற்று.

தாயகம் திரும்பி, 2007-ல் ஹோ சி மின் நகரில் நண்பர்களுடன் ‘சான் ஆர்ட்’ கலைக்கூடம் தொடங்கினார், 2024-ல் மறைந்தார்.

நண்பர்களே, வீட்டில் கற்றதும் கல்வியே!