அரசாங்க அறிவிப்புகளும் நம் வியாபாரிகளும்

அரசாங்கத்தார் ஒரு சட்டத்தை முறைப்படி வெளியிட்டுவிட்டால், அது குடிமக்கள் யாவருக்கும் தெரிந்ததாகவே கொள்ளப்படும். "எனக்குத் தெரியாது, ஒருவரும் சொல்லவில்லை" என்று வியாபாரி கூறுவது எடுபடாது. ஆகவே அறிவிப்பு எங்கே வெளியாகிறது, அதை நாம் எவ்வாறு கையில் பெறுவது என்பது விலைவாசி அறிவதைப் போலவே நமக்கு வேண்டிய பாடமாகும். இம்மாதம் சிங்கப்பூர் நடைமுறையை வைத்து அதனைப் பார்ப்போம்.

சிங்கப்பூர் அரசியல் சட்டம் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் ஆட்சிமொழிகளாகக் கூறுகிறது. நாடாளுமன்றத்தில் இந்நான்கில் எதிலும் பேசலாம். 2020-ல் கொவிட் நோய் பரவிய காலத்தில், கேட்டுப் பதிந்துகொண்டவர்களுக்கு அரசாங்கச் செய்திகள் வாட்ஸ்அப் வழியே தமிழிலும் வந்தன. ஆனால் பொதுச் செய்தி வேறு, வியாபாரப் பதிவு வேறு. கடையைப் பதிவதும் வரிக் கணக்கு ஒப்புவிப்பதும் இன்றும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. நம்மவர் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான்.

முற்காலத்தில் இத்தயக்கத்திற்கு அஞ்சடியில் மேஜை போட்டு அமர்ந்திருந்த மனு எழுதுவோர் மருந்தாக இருந்தார்கள். எழுத்து அவருடையது, கையொப்பமோ நம்முடையது. இன்று அந்தக் கையொப்பத்தின் இடத்தில் இருப்பது சிங்பாஸ். 2003 மார்ச்சில் தொடங்கிய இவ்வேற்பாட்டினால் அரசாங்க இலாகாக்களின் காரியங்களை வீட்டிலிருந்தே முடிக்கலாம். அதன் கைப்பேசிச் செயலியைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம்.

"அதெல்லாம் மருமகன் பார்த்துக்கொள்கிறான்" என்று சிங்பாஸ் இரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் முதலாளிமார் நம்மில் பலர் உண்டு. வெற்றுத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுப்பவரை நாம் என்னவென்று சொல்வோம்? 2023 மே மாதம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. குற்றத்திற்குப் பயன்படும் என்று நம்ப இடமிருந்தும் சிங்பாஸைப் பிறருக்குக் கொடுப்பவர் இப்போது தண்டனைக்கு உரியவர்.

அப்படியானால் வியாபாரக் காரியங்களுக்கு வேறொருவரை நியமிக்கவே முடியாதா? முடியும். 2016-ல் வந்த கார்ப்பாஸ் அதற்காகவே ஏற்பட்டது. முன்னோர் முக்தியார் எழுதிக்கொடுத்தது போல, இன்னின்ன இலாகாவில் இன்னின்ன காரியத்திற்கு இன்னார் என்று குறித்து வைக்கலாம். அவர் தம்முடைய சிங்பாஸைக் கொண்டே உள்ளே செல்வார். நம்முடையது நம்மிடமே இருக்கும். ஆள் வேலையை விட்டுப் போனால் அவர் பெயரை நீக்கிவிடலாம். இத்தனை எளிதான வழியை நம் கடைகளில் பாதிக்கு மேல் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

நிற்க. எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். பொருள் சேவை வரி 1994-ல் 3 விழுக்காடாகத் தொடங்கி, 2024 முதல் 9 விழுக்காடாக உள்ளது. ஒரு காலண்டர் ஆண்டில் வரிக்குட்பட்ட விற்பனை 10 இலட்சம் வெள்ளியைத் தாண்டினால், ஆண்டு முடிந்து 30 நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவர் கடையின் விற்பனை தாண்டியது; இவருக்கோ விதி தெரியாது. வரி ஆணையத்தின் கடிதங்களில் பெரும்பாலானவை இப்போது தபாலில் வருவதில்லை, இணையத்திலேயே வைக்கப்படுகின்றன. அதைத் திறக்கும் சாவி கணக்கப்பிள்ளையிடம் இருந்தது. அவரோ ஊருக்குப் போய்விட்டார். தாமதமாகப் பதிந்தவர், பதிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே வரி கட்டக் கடமைப்பட்டவர். வாடிக்கையாளரிடம் வாங்காத வரியை மனிதர் தம் மடியிலிருந்து எடுத்துக் கட்டினார்.

இதே இணையம் நமக்கு இலாபமும் தரக்கூடியது. கடனுக்குச் சரக்குக் கேட்டுப் புதியவர் வந்தால், அவர் நிறுவனம் பதிவில் உள்ளதா, நடப்பில் உள்ளதா என்பதை அக்ரா பதிவகத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் காசின்றிப் பார்க்கலாம். உரிமையாளர் யார் என்ற விவரம் வேண்டுமானால் சிறு கட்டணம் செலுத்திப் பெறலாம். சட்டங்களின் முழு வாசகமும் இணையத்தில் இலவசமாகவே உள்ளது.

அரசாங்கத்தின் பெயரால் வரும் பொய்ச் செய்திகளும் பெருகிவிட்டன. 2024 ஜூலை முதல் இலாகாக்களின் குறுஞ்செய்திகள், சில விலக்குகள் நீங்கலாக, 'கவ்.எஸ்ஜி' என்ற ஒரே பெயரில் வருகின்றன. வேறு பெயரில் இலாகா என்று சொல்லி வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொட வேண்டாம்.

கைப்பேசியில் கை பழகாதவர்கள் நம் தெம்பனிஸ் நடுவம், ஒன் பொங்கோல் போன்ற இடங்களிலுள்ள சர்வீஸ் எஸ்ஜி நிலையங்களுக்கு நேரில் செல்லலாம். அங்குள்ள ஊழியர்கள் பக்கத்தில் இருந்து உதவுவார்கள். போகும்போது அடையாள அட்டையையும் சொந்தக் கைப்பேசியையும் எடுத்துச் செல்லுங்கள்.