எடை குறைக்கும் ஆபரேஷனா? முதலில் நம் தட்டைப் பார்ப்போம்

இந்த மாதப் பாடம் ஆரோக்கியம் பற்றியது. மயிலாப்பூர் பகுதிக் குழுக்களில் "வயித்தை சின்னதாக்கற ஆபரேஷன் பண்ணிக்கலாமா மேடம்?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. முட்டி வலி தாங்காமல் கேட்பவர்கள் உண்டு. சர்க்கரை கட்டுப்படாமல் கேட்பவர்களும் உண்டு. யாரோ குண்டு என்று சொன்ன வருத்தத்தில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்குக் கடன் கிடைக்குமா என்றுதான் பெரும்பாலும் பேச்சு ஆரம்பிக்கிறது. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் சாப்பாட்டை எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நாம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

இது ஏதோ பணக்கார வீட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் (2015-16) இது 31 ஆக இருந்தது. சோம்பேறித்தனத்தால் எடை போட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்து, நாலு வீட்டு வேலை முடித்து, ராத்திரி பத்து மணிக்குப் படுக்கிற பெண்ணை சோம்பேறி என்று யார் சொல்வது?

முதலில் யாருக்கு இந்த ஆபரேஷன் என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உயரத்துக்கு ஏற்ற எடையை பி.எம்.ஐ. என்ற கணக்கால் அளக்கிறார்கள். எடையை (கிலோ), உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுக்க வேண்டும். உயரம் 152 செ.மீ., எடை 104 கிலோ என்றால், 104ஐ 1.52ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 1.52ஆல் வகுத்தால் 45 வரும். நம் நாட்டில் நீண்ட காலமாக 37.5க்கு மேல் இருந்தால், அல்லது சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற நோயோடு 32.5க்கு மேல் இருந்தால் ஆபரேஷனை யோசிக்கலாம் என்று அளவு வைத்திருந்தார்கள். 2022ல் அமெரிக்க, சர்வதேச அறுவை மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து இந்த அளவை இன்னும் கீழே இறக்கின. யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம் என்பதைப் பரிசோதித்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பத்து கிலோ கூடுதலாக இருக்கிறது, புடவை கட்டினால் நன்றாக இல்லை என்பதற்கான ஆபரேஷன் இது இல்லை.

அதிகமாகச் செய்வது இரண்டு வகை. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல் ஒரு குழாயாக விடுகிறார்கள். மற்றதில் இரைப்பையின் மேல் பகுதியை சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலை அதோடு நேராக இணைக்கிறார்கள். இந்த இரண்டாவது முறைக்கு 1966ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் வழி காட்டினார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பெண்கள் பிறகு எடை போடாமல் இருப்பதைக் கவனித்ததில்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. இரண்டு முறையிலும் முதல் மாதங்களில் ஒரு வேளைக்கு அரை டம்ளர் கொள்ளளவுதான். அவ்வளவு சின்ன வயிற்றோடு சாப்பிடுவதற்கு நாக்கும், கையும், மனசும் பழக வேண்டும். அதை ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றால் வாந்தியும் வலியும்தான் ஆசிரியர்கள். அதனால்தான் பழக்கம் முன்கூட்டியே, இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

பல பேர் நேர்மாறாகச் செய்கிறார்கள். "அப்புறம் சாப்பிட முடியாதுல்ல, இப்பவே சாப்ட்டுக்கறேன்" என்று தேதி குறித்ததும் பிரியாணி, பரோட்டா என்று ஆரம்பிக்கிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் இதில் ஆபத்து இருக்கிறது. ஏன் என்று கேளுங்கள்.

அதிக எடை உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உப்பிப் போயிருக்கும். கல்லீரலின் இடது பக்கம் இரைப்பையின் மேல் படுத்துக்கொண்டிருக்கிறது. பரணில் உள்ளே இருக்கிற டப்பாவை எடுக்க முன்னால் இருக்கும் மூட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் இல்லையா? அது போலத்தான் மருத்துவர் கல்லீரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரைப்பையில் வேலை செய்கிறார். மூட்டை பெரிசாகவும் பொசுக்கென்று கிழிகிற மாதிரியும் இருந்தால் ரத்தக் கசிவு வரலாம், நேரம் இழுக்கும். சின்னத் துளை வழியாகச் செய்ய ஆரம்பித்ததை நிறுத்திவிட்டு வயிற்றைப் பெரிதாகத் திறக்க வேண்டியும் வரலாம். கல்லீரலில் மாவுச்சத்து தண்ணீரோடு சேர்ந்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அரிசி, சர்க்கரையைக் குறைத்தால் முதலில் இந்தச் சேமிப்பு கரையும், பிறகு கொழுப்பும் கரையும். ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் கட்டுப்பாடாக இருந்தாலே கல்லீரல் கண்ணுக்குத் தெரிகிற அளவு சுருங்குகிறது. அதனால்தான் மருத்துவர்கள் கடைசி இரண்டு வாரத்துக்குக் கடுமையான உணவுப் பட்டியல் கொடுக்கிறார்கள்.

இந்த இரண்டு வாரத்தில் 'திரவ உணவு' என்று எழுதிக் கொடுப்பார்கள். இதில்தான் நம் பெண்கள் தப்பு செய்கிறார்கள். திரவம் என்றால் கஞ்சி, கூழ், இளநீர், ஜூஸ், ஹார்லிக்ஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கஞ்சி தண்ணியாக இருந்தாலும் அது அரிசிதான். ஜூஸ் என்றால் சர்க்கரைதான். மருத்துவர் சொல்வது மாவுச்சத்து குறைந்த, புரதம் உள்ள திரவம். கொழுப்பு எடுத்த பால், மோர், வடிகட்டிய காய்கறி சூப், எலும்பில்லாத கோழி வேகவைத்த தண்ணீர், அவர்கள் எழுதித் தரும் புரதப் பவுடர். எந்த அளவு என்பதை உணவியல் நிபுணரிடம் எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் பட்டியலை வாங்கி நாம் சாப்பிடக் கூடாது.

அந்த இரண்டு வாரத்துக்கு முன்னால் உள்ள இரண்டு மூன்று மாதத்தைப் பற்றி இப்போது பேசுவோம். உண்மையில் எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

டீயில் இருந்து ஆரம்பிப்போம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, சுமார் 10 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரை கிலோ! குழுக் கூட்டத்தில் இதைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினால் எல்லோரும் வாயில் கை வைத்துக்கொள்வார்கள். வேலை செய்யும் வீட்டில் கொடுக்கிற டீயை வேண்டாம் என்று சொல்லக் கஷ்டமாக இருந்தால், "சர்க்கரை போடாம குடுங்கம்மா" என்று சொல்லலாம். முதல் வாரம் கசக்கும், மூன்றாம் வாரம் பழகிவிடும்.

அடுத்தது மிச்சம் மீதி. நம் வீடுகளில் கணவர், பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு கடைசியில் உட்காருவது யார்? நாம்தான். குழம்பு தீர்ந்திருக்கும், பொரியல் தீர்ந்திருக்கும், முட்டை பையனுக்குப் போயிருக்கும். சோறு மட்டும் மீதி இருக்கும். "வீணாப் போறதுக்கு வயித்துல போடலாம்" என்று அதையும் சாப்பிட்டுவிடுகிறோம். வேலை செய்யும் வீட்டில் கொடுத்தனுப்பும் மூன்று நாள் மைசூர்பாகும் அங்கேதான் போகிறது. நம் வயிறு குப்பைத் தொட்டி இல்லை. அரிசியை அரை ஆழாக்கு குறைத்துப் போடுங்கள், மீதியே வராது. உங்கள் தட்டில் உங்கள் பங்கு முட்டையை முதலிலேயே எடுத்து வையுங்கள். இதைச் சொல்லும்போது சில உறுப்பினர்கள் சிரிக்கிறார்கள், சிலர் கண் கலங்குகிறார்கள்.

"இன்னா மேடம், சோறு துன்னாம எப்டி வேலை செய்றது?" சோறே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தட்டில் வரிசையை மாற்றச் சொல்கிறோம். முதலில் பருப்பு, முட்டை, மீன், சுண்டல், பிறகு காய், கடைசியில் ஒரு கரண்டி சோறு. ஆபரேஷனுக்குப் பிறகு இந்த வரிசைதான் வாழ்நாள் முழுவதும். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்பார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கைப்பிடி (30 கிராம்) சோயாவில் 15 கிராம், 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம். வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. நொச்சிக்குப்பம் பக்கம் போனால் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி விலை குறைவாகக் கிடைக்கும். சத்து ஒன்றும் குறைவில்லை. வறுக்காமல் குழம்பாக வையுங்கள். சைவ உறுப்பினர்களுக்கு மாட வீதியில் சுண்டலுக்குப் பஞ்சமா? தேங்காயைக் குறைத்து வீட்டிலேயே செய்யலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வேகம் அடுத்த பாடம். நாம் ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறோம். இனி ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 நிமிடமாவது வேண்டும். சின்ன ஸ்பூன், சின்னத் தட்டு, ஒவ்வொரு வாயையும் 20 முறைக்கு மேல் மென்று கூழாக்கி விழுங்குவது. பல் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. ஆடுகிற பல், சொத்தைப் பல் இருந்தால் முதலில் பல் மருத்துவரிடம் போங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் குறைந்தது ஆறு வாரம் முன்பே முழுசாக நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தையல் ஆறாது.

சாப்பிடும்போது நடுவில் தண்ணீர் குடிக்கும் பழக்கமும் போக வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, ஒவ்வொரு வாயாகக் குடிக்கப் பழகுங்கள். கலர், சோடா கூடவே கூடாது. பங்குனியில் அறுபத்துமூவர் விழா வந்தால் தெருவுக்குத் தெரு பானகம், நீர்மோர், புளியோதரை, சர்க்கரைப் பொங்கல் என்று கையில் திணிப்பார்கள். நீர்மோரை வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

ராத்திரி பூ வியாபாரம், டிபன் கடை முடித்துப் பத்தரை மணிக்குச் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது? கடையிலேயே ஏழு மணிக்கு வீட்டு டப்பாவில் இருந்து சாப்பிட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்தால் மோர் மட்டும். காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். பதினோரு மணிப் பசியில்தான் போண்டா உள்ளே போகிறது.

எடையை சீக்கிரம் இறக்கிக் காட்டலாம் என்று பட்டினி கிடக்க வேண்டாம். ஏற்கெனவே நம் பெண்கள் பலருக்கு ரத்தசோகை. எடை அதிகம் என்றால் சத்து அதிகம் என்று அர்த்தம் இல்லை. இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவற்றை ரத்தப் பரிசோதனை செய்து, குறைவை ஆபரேஷனுக்கு முன்பே சரிசெய்ய வேண்டும்.

இப்போது சொல்லப் போவதை ஊக்குநர்கள் இரண்டு முறை வாசித்துக் காட்டவும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சாப்பாடு பாதியாகி, மாத்திரை அப்படியே இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டிக்கொண்டு வருவது, இதெல்லாம் அதன் அடையாளம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். சில வகை சர்க்கரை மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்தவும் சொல்வார்கள். நாமாக நிறுத்தவும் கூடாது, நாமாகத் தொடரவும் கூடாது.

எங்கே செய்துகொள்வது என்பதும் முக்கியம். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. இந்தச் செய்தியைக் கேட்டு பயந்து ஒதுங்க வேண்டியதில்லை, ஆனால் கேள்வி கேட்கப் பழக வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? மயக்க மருத்துவர் முன்கூட்டியே பரிசோதிப்பாரா? இதயம், நுரையீரல், தூக்கத்தில் மூச்சு நிற்பது இதையெல்லாம் பார்த்தார்களா? உணவியல் நிபுணர் இருக்கிறாரா? முதல் நாளே "அடுத்த வாரம் அட்மிட் ஆகிடுங்க, சலுகை விலை" என்று சொல்கிற இடத்தில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். சென்னையின் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். குழுவில் கடன் எழுதும் முன் அங்கே போய் விசாரியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் உங்களுக்கு அதில் கிடைக்குமா என்று கேளுங்கள். 104க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கடன் கொடுக்கும் குழுக்கள் ஒன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆபரேஷன் செலவோடு முடிவதில்லை. வைட்டமின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தொடரும். அந்த மாதச் செலவை உறுப்பினர் தாங்குவாரா, முதல் ஆறு வாரம் பளு தூக்காமல் இருந்தால் வீட்டு வருமானம் என்ன ஆகும் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் கணவன் மனைவி இருவரும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தில் செய்து பார்க்க: பழைய வரவு செலவு நோட்டு ஒன்றை எடுத்து, ஏழு நாள் சாப்பிட்டது அனைத்தையும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, பசித்துச் சாப்பிட்டதா, கவலையில் சாப்பிட்டதா என்று நாலு கட்டம் போதும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் அந்த நோட்டை முதல் நாளே மருத்துவரிடம் கொடுக்கலாம்.