தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்டு

உத்தராகண்ட் மாநிலத்தில் குமாவோன் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே பல கிராமங்களுக்கு ஷேர் ஜீப்தான் போக்குவரத்து. அல்மோராவுக்கு அப்பால் ஒரு கிராமம். அங்கே அண்ணன், தம்பி இருவர் அப்படி ஒரு வண்டி வைத்திருந்தார்கள். அண்ணன் ஓட்டுவார். தம்பி ஆள் ஏற்றுவான், மூட்டை ஏற்றுவான். வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

கொஞ்ச நாளாக வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து போயிருந்தது. பள்ளத்தில் இறங்கினால் 'டங்' என்று இடித்தது. ஒரு நாள் இரவு எதிரே வந்த லாரிக்காரர் சத்தம் போட்டார். "விளக்கு கண்ணைக் கூசுகிறது. இறக்கி வையப்பா!" என்றார்.

"விளக்கில் கோளாறு இல்லை. பின்னால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதனால் வண்டியின் மூக்கு மேலே தூக்கி நிற்கிறது" என்றார் அண்ணன்.

ஸ்பிரிங் என்ன செய்கிறது?

ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அமுங்கி விரிகிறது. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்பது பாரத்தைப் பொறுத்தது. பாரம் இரண்டு மடங்கானால் அமுங்குவதும் இரண்டு மடங்காகும். இந்த விதியை ராபர்ட் ஹூக் என்ற இங்கிலாந்து அறிஞர் 1678-ல் வெளியிட்டார்.

ஸ்பிரிங்கில் பல வகை உண்டு. ஒன்று பட்டை ஸ்பிரிங். 1985-ல் வந்த மாருதி ஜிப்சியில் நான்கு சக்கரத்துக்கும் இதுதான். இன்னொன்று சுருள் ஸ்பிரிங். 2002-ல் வந்த ஸ்கார்ப்பியோவில் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங் இருந்தது. 2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னியில் நான்கு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங்தான்.

அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் ஸ்பிரிங் சீக்கிரம் தளரும். கல் பட்டுப் பெயிண்ட் உரிந்தால் துரு பிடிக்கும். துருப்பிடித்த இடத்தில் விரிசல் விடும்.

அண்ணியின் நோட்டு

அண்ணி எழுத்தறிவு மையத்தில் எழுதப் படிக்கக் கற்றவர். அவர் அளவு நாடாவை எடுத்து வந்தார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொன்னார். மூட்டைகளை இறக்கச் சொன்னார். டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பிறகு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்தார். நோட்டில் எழுதினார்.

பின் இடது: 45 செ.மீ.
பின் வலது: 43 செ.மீ.

"வலது பக்கம் இன்னும் மோசம். அதை மட்டும் மாற்றலாமா?" என்று தம்பி கேட்டான்.

"கூடாது. ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் சாயும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்" என்றார் அண்ணன்.

கடையில் அண்ணி பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். வண்டியின் பெயரையும் பார்ட் நம்பரையும் சரிபார்த்தார். சில வண்டிகளில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று ஸ்பிரிங் வேறுபடும். அதையும் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

நடக்க இருந்த விபத்து

தம்பிக்கு அவசரம். முற்றத்து மண்ணில் ஜாக்கியை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினான். ஸ்பிரிங்கைப் பார்க்க அடியில் தலையை நுழைக்கப் போனான்.

"தம்பி, நில்!" என்று அண்ணி கத்தினார்.

ஜாக்கியின் அடிப்பாகம் ஈர மண்ணில் இறங்கியது. ஜாக்கி சாய்ந்தது. வண்டி 'தொம்' என்று கீழே விழுந்தது. டயர் இருந்ததால் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பியின் முகம் வெளுத்துவிட்டது.

அண்ணன் அவனைத் திட்டவில்லை. பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப்பில் போய் இரண்டு ஸ்டாண்டுகளை இரவல் வாங்கி வந்தார். ஸ்டாண்டு என்பது வண்டியைத் தாங்கும் இரும்புக் கால். "ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு. கல்லையும் செங்கல்லையும் அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது" என்றார்.

வேலை நடந்த முறை

1. வண்டியை சிமெண்டுத் தரையில் நிறுத்தினார்கள். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்தார்கள். கியரில் போட்டார்கள். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது உதவாது.

2. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றே தளர்த்தினார்கள்.

3. பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கினார்கள். சேஸின் கெட்டியான இடத்தில் இரு பக்கமும் ஸ்டாண்டு வைத்தார்கள். வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை.

4. சக்கரங்களைக் கழற்றி வண்டிக்கு அடியில் படுக்க வைத்தார்கள். இது இரண்டாவது பாதுகாப்பு.

5. பின் ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் தாங்கலாகப் பிடித்தார்கள். பிறகு இரண்டு ஷாக் அப்சார்பர்களின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றினார்கள்.

6. ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினார்கள். ஆக்சில் கீழே வந்தது. பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹோஸ் இறுகினால் அதற்கு மேல் இறக்கக் கூடாது.

7. ஸ்பிரிங் தளர்ந்து கையால் ஆட்டும்படி ஆனது. அதன் பிறகே எடுத்தார்கள். ஆடாத ஸ்பிரிங்கைக் கடப்பாரையால் நெம்பக் கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிரையே வாங்கிவிடும்.

8. ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் மண்ணைச் சுரண்டித் துடைத்தார்கள். கிழிந்த ரப்பரை மாற்றினார்கள். புது ஸ்பிரிங்கின் முனை அதற்குரிய பள்ளத்தில் உட்காரும்படி வைத்தார்கள்.

9. ஜாக்கியால் ஆக்சிலை உயர்த்தினார்கள். ஷாக் அப்சார்பர்களை மாட்டினார்கள். சக்கரத்தைப் பூட்டி, ஸ்டாண்டை எடுத்து, வண்டியைத் தரையில் இறக்கினார்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை அதன் பிறகே முழுவதும் இறுக்கினார்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்கினார்கள்.

அண்ணி மறுபடி அளந்தார். இடது 49, வலது 49. நோட்டில் தேதி போட்டு எழுதினார். அண்ணன் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்த்தார். விளக்கின் வெளிச்சம் இப்போது சாலையில் விழுந்தது. 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்தார்கள்.

வீட்டில் செய்யக் கூடாதது

"முன் ஸ்பிரிங்கையும் இப்படியே மாற்றிவிடலாமா?" என்று தம்பி கேட்டான்.

"அதைத் தொடாதே" என்றார் அண்ணன். பல வண்டிகளில் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகக் கோத்திருக்கும். அமுங்கிய ஸ்பிரிங்கை உச்சியில் ஒரு நட்டு பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் ஸ்பிரிங் குண்டு போலப் பாயும். அதை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். பழகிய கை வேண்டும். அது ஒர்க்‌ஷாப் வேலை.

செய்யத் தெரிந்ததைச் செய்வது திறமை. செய்யக் கூடாததை விட்டுவிடுவதும் திறமைதான்.

பயிற்சி

1. லாரிக்காரரின் கண் ஏன் கூசியது?
2. இரண்டு ஸ்பிரிங்குகளையும் ஏன் சேர்த்து மாற்ற வேண்டும்?
3. வண்டிக்கு அடியில் போகும் முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?
4. வலது பக்கம் 43 செ.மீ. இருந்தது. பிறகு 49 செ.மீ. ஆனது. எவ்வளவு உயர்ந்தது?