கொடுமுடி கோகிலம்

ஔவையார் என்றதும் நம் மனக்கண்ணில் ஓர் உருவம் தோன்றும். வெண்ணிற ஆடை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல், கனிந்த முகம். தமிழ்ப்பள்ளியில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் படித்த நம்மில் பலருக்கு இந்த உருவம்தான் நினைவுக்கு வரும். ஔவையாரை நேரில் கண்டு வரைந்த ஓவியம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் இந்த உருவம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்ததற்கு ஒரு நடிகை பெரிதும் காரணமாவார். அவர்தாம் கே.பி. சுந்தராம்பாள்.

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு, தமிழ்நாட்டில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்ததால் குடும்பம் வறுமையில் வாடியது. சிறுமியாக இருந்தபோது இரயிலில் பாடிப் பொருளீட்டினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அந்தக் குரல்வளமே அவரை வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்த்தது. அக்கால நாடக மேடைகளில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி விடிய விடியப் பாட வேண்டும். ஆண் வேடமும் பெண் வேடமும் ஏற்று, இந்தக் கடினமான பயிற்சியில் அவர் தேர்ச்சி பெற்றார்.

நாடகக் குழுவோடு இலங்கைக்குச் சென்றிருந்தபோது, புகழ்பெற்ற பாடகரும் நடிகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. மேடையில் இணைந்த இருவரும் வாழ்விலும் இணைந்தனர். ஆனால், அந்த வாழ்வு நீடிக்கவில்லை. 1933ஆம் ஆண்டு கிட்டப்பா மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் அவர் வெள்ளாடை உடுத்தினார். எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

காதல் காட்சிகளையே பெரிதும் நம்பியிருந்த கலையுலகில் ஓர் இளம் நடிகைக்கு இது எளிய முடிவன்று. வாய்ப்புகள் முற்றாக நின்றுவிடக்கூடும். எனினும், அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ‘நந்தனார்’ படத்தில் நடிக்க அழைத்தபோது, தட்டிக் கழிக்கும் எண்ணத்துடன் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கேட்டார் என்பர். அந்நாளில் அது யாரும் எண்ணிப் பார்க்காத தொகை. ஆயினும், தயாரிப்பாளர் அதற்கு இணங்கினார். 1935இல் வெளிவந்த அப்படத்தில் சுந்தராம்பாள் நந்தனாராகவே, ஓர் ஆணாகவே நடித்தார். அதனால் அவரது உறுதியும் காக்கப்பட்டது.

1953இல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் ‘ஔவையார்’ படத்தை வெளியிட்டது. காதலும் ஆடம்பரமும் இல்லாத ஒரு மூதாட்டியே அப்படத்தின் நாயகி. அப்பாத்திரத்தில் சுந்தராம்பாள் தம் குரலாலும் கம்பீரத்தாலும் திரையை நிறைத்தார். பின்னர் ‘திருவிளையாடல்’ (1965), ‘கந்தன் கருணை’ (1967) ஆகிய படங்களிலும் அவரே ஔவையாராகத் தோன்றினார். தமிழிலக்கிய வரலாற்றில் வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த ஔவையார்கள் உள்ளனர் என்பது அறிஞர் கருத்து. மக்கள் மனத்திலோ அவர்கள் அனைவரும் ஒருவராகிவிட்டனர். அந்த ஒருவருக்குச் சுந்தராம்பாளின் முகம் அமைந்துவிட்டது.

அவரது குரல் கலை மேடையோடு நின்றுவிடவில்லை. இந்திய விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளிலும் அது ஒலித்தது. பின்னாளில் அவர் சென்னை மாநில சட்ட மேலவையின் உறுப்பினரானார். ‘துணைவன்’ படத்தில் பாடியதற்காக இந்திய அரசின் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

கோலசிலாங்கூர், செகிஞ்சான் வட்டாரத்தைச் சேர்ந்த நம் முன்னோர் பலர் பால்மரத் தோட்டங்களில் உழைத்தவர்கள். தோட்டத் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டும் நாளில் குடும்பத்தோடு பாயை விரித்து அமர்ந்து பார்த்ததை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். பள்ளிக்கூடத்தின் படியை மிதிக்காதவருக்கும் இலக்கியத்தையும் புராணக் கதைகளையும் கொண்டு சேர்த்தவை இத்தகைய படங்களே. எழுத்தறியாதவரும் ஔவையாரை அறிந்திருந்தனர் என்றால், அதில் சுந்தராம்பாளின் குரலுக்கும் பங்குண்டு.

திரையில் நிலைக்க இளமையும் அழகும் வேண்டும் என்று கருதப்பட்ட காலத்தில், தாம் வகுத்த எல்லையைத் தாண்டாமல் உயர்ந்தவர் சுந்தராம்பாள். வறுமை அவரது குரலை அடக்கவில்லை. துயரம் அவரை வீட்டுக்குள் முடக்கவில்லை. திறமையோடு மன உறுதியும் சேர்ந்தால் உலகம் நம் நிபந்தனையை ஏற்கும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

கலந்துரையாடுக

1. கே.பி. சுந்தராம்பாள் எடுத்த முடிவு அவருடைய கலை வாழ்வை எவ்வாறு மாற்றியமைத்தது?
2. ஓர் இலக்கியவாணரைத் திரைப்படத்தின் வழி அறிவதால் ஏற்படும் நன்மை, குறை ஆகியவற்றை விளக்குக.
3. உங்கள் குடும்பத்து மூத்தோரிடம் தோட்டத் திடல் படக்காட்சியைப் பற்றிக் கேட்டறிந்து ஒரு பத்தியில் எழுதுக.