சரிபார்த்தலின் சிறப்பு

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு நகரத்தார் கணக்கெழுதுவதில் பெயர்பெற்றவர். வரவு செலவைப் பேரேட்டில் பதிந்ததோடு அமையாது, ஐந்தொகை கூட்டி ஒத்துப் பார்ப்பது அவர் வழக்கம். கைதேர்ந்தவர்க்கும் மறதி உண்டன்றோ?

பொருட்கணக்கிற்கே இத்துணை விழிப்பு வேண்டுமாயின், உயிர்க்கு எத்துணை வேண்டும்! மயக்கமருந்து பெற்ற நோயாளி தம் பெயரையும் சொல்ல இயலார். அவர்க்காகப் பிறரே விழித்திருத்தல் வேண்டும்.

இதனை உணர்ந்த உலக சுகாதார நிறுவனம் 2008-ஆம் ஆண்டில், அறுவை மருத்துவத்திற்கென 19 செய்திகள் அடங்கிய பட்டியலொன்றை வெளியிட்டது. மருத்துவரும் செவிலியரும் அதனை மூன்று வேளைகளில் வாய்விட்டுக் கூறிச் சரிபார்ப்பர். மயக்கமருந்து தருமுன், நோயாளி யார், அறுவை எவ்விடத்தில், ஒவ்வாத மருந்து உண்டா, இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைக் காட்டும் கருவி இயங்குகிறதா என வினவுவர். கத்தி படுமுன், குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரும் பணியும் உரைப்பர். நோயாளி அவ்வறையினின்று நீங்குமுன், கருவிகளும் பஞ்சுத் துணிகளும் எண்ணப்பெறும்.

புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இம்முறை ஆராயப்பெற்றது. முன்னர் அறுவை செய்துகொண்டவருள் 1000 பேருக்கு 15 பேர் இறந்தனர். பட்டியலைக் கைக்கொண்டபின் அத்தொகை 8 ஆயிற்று என 2009-இல் வெளிவந்த முடிவு கூறுகிறது.

எனினும், வினவாமலே குறியிட்டு வைக்கும் பட்டியல் எவ்வுயிரையும் காவாது. "பொறுங்கள் ஐயா, ஒரு துணி குறைகிறது" என்று இளைய செவிலியர் அஞ்சாது கூறல் வேண்டும். மூத்த மருத்துவரும் உடனே கைநிறுத்தித் தேடல் வேண்டும். மாணவர்களே! பிழையைச் சுட்டுவோர் நம்மை இகழ்பவர் அல்லர். நம்மைக் காப்பவரே ஆவர்.